பெருங்குடலுக்கும் பசிக்கும்

காலரா கண்டவரின் உடலிலிருந்து ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் வெளியேறிவிடும். கிருமியின் நஞ்சு சிறுகுடலின் உட்சுவரைத் தூண்டிவிட, அது உப்பையும் நீரையும் நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருக்கும். இந்த நிலையில் இருந்த 48 பேரிடம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு அதே கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு கலந்து கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு லிட்டருக்கு 50 கிராம் மக்காச்சோள மாவுச்சத்து. அதுவும் சிறுகுடலில் எளிதில் செரிக்காத வகையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

வயிறு போய்க்கொண்டிருப்பவருக்குச் செரிக்காத பண்டத்தையா கொடுப்பது என்று எந்த வீட்டுப் பாட்டியும் கேட்பார். ஆனால் முதல் பிரிவினருக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. செரிக்காத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றுவிட்டது. 2000ஆம் ஆண்டில் இந்த முடிவுகள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின.

காரணம் பெருங்குடலில் இருக்கிறது. காலரா தாக்குவது சிறுகுடலைத்தான். அதைத் தாண்டியிருக்கும் ஒன்றரை மீட்டர் நீளப் பெருங்குடலுக்கு நீரை உறிஞ்சும் திறன் அப்போதும் இருக்கும். சர்க்கரைக் கரைசல் அங்கே வந்து சேர்வதில்லை, வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். செரிக்காத மாவு வந்து சேரும். வந்ததும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இந்த அமிலங்கள் குடல் செல்களுக்குள் நுழையும்போது சோடியமும் கூடவே உள்ளே போகிறது. சோடியம் போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும்.

நார்ச்சத்து என்ற பேச்சு வந்தாலே நமக்கு நினைவுக்கு வருவது மலச்சிக்கல். உள்ளே போய்க் குடலைப் பெருக்கித் தள்ளும் துடைப்பம் என்றுதான் பலரும் அதை எண்ணுகிறோம். வேலூர் சோதனையை அந்த எண்ணத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செரிக்காமல் பெருங்குடலை அடைகிற ஒரு மாவு அங்கே பேதியை நிறுத்தியிருக்கிறது. பெருங்குடலில் இருப்பவை உயிர்கள், அவற்றுக்கும் வேளைக்கு உணவு வேண்டும், அந்த உணவு நாம் செரிக்க முடியாமல் விட்டுவைக்கும் பகுதிதான் என்று கொண்டால் மலச்சிக்கல், பேதி இரண்டுக்குமே விளக்கம் கிடைக்கிறது. நல்ல தூக்கத்துக்கும்கூட ஓரளவு விளக்கம் கிடைக்கிறது.

நம் உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்பவை. தாவர உணவின் செல் சுவர்களில் உள்ள செல்லுலோஸ், பழங்களில் உள்ள பெக்டின், ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளூகன் இவற்றை உடைக்க நம்மிடம் நொதிகள் இல்லை. குடலில் வாழும் பாக்டீராய்டஸ் தீட்டாயோட்டாவோமைக்ரான் என்ற ஒரே ஒரு இனத்திடம் மட்டும் இப்படிப்பட்ட சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் நொதிகள் 200க்கு மேல் இருக்கின்றன. நாம் செய்யத் தவறிய வேலையை இவற்றிடம் ஒப்படைத்துவிட்டோம் என்றே சொல்லலாம்.

மாலை ஐந்து மணிக்கு ஒருவர் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்லில் அரைபட்டது இரைப்பையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் கூழாகிறது. பிறகு ஆறேழு மீட்டர் சிறுகுடலில் புரதமும் பெரும்பகுதி மாவுச்சத்தும் உறிஞ்சப்படுகின்றன. கடலையின் மாவில் ஒரு பகுதி கெட்டியான செல் சுவருக்குள் பூட்டிக் கிடப்பதால் நொதிகளுக்கு எட்டுவதில்லை. அதுவும், கரையும் நாரும், மேல் தோலும் நள்ளிரவு வாக்கில் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் பெருங்குடல் தொடங்கும் இடத்தை அடைகின்றன. சாப்பிட்டவர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். பாக்டீரியாக்களுக்கு வேலை தொடங்கும் நேரம் அது.

முதலில் எளிதில் கரையும் நார் தீர்கிறது. பியூட்டிரேட் உண்டாக உண்டாக, பெருங்குடலின் சுவர் செல்கள் அதை எடுத்து எரித்துக்கொள்கின்றன. அவற்றுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய 70 விழுக்காடு பியூட்டிரேட்டிலிருந்தே வருகிறது. உடலின் மற்ற செல்கள் இரத்தத்தில் வரும் எரிபொருளை நம்பியிருக்க, இந்தச் செல்கள் பெரும்பாலும் பாக்டீரியா சமைத்துத் தருவதைச் சாப்பிட்டு வாழ்கின்றன. இந்த ஓர் உண்மைக்காகவே நார்ச்சத்தைச் சக்கை என்று ஒதுக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

உணவு வராத நாளில் பாக்டீரியா என்ன செய்யும்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எரிக் மார்ட்டென்ஸ் குழுவினர் எலிகளை வைத்து இதைப் பார்த்தார்கள். 2016இல் அந்த ஆய்வு வெளியானது. நாரே இல்லாத தீவனம் கொடுத்த எலிகளின் குடலில், பாக்டீரியாக்கள் குடல் சுவரைப் போர்த்திக் காக்கும் சளிப் படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமிகள் சுவரை எளிதாக நெருங்கின. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பட்டினி போட்டால் அங்கே இருப்பவை சும்மா இருக்காது என்பது தெரிகிறது.

மலம் பெருகுவதும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மீதி வறண்ட பொருளில் கால் பங்கு முதல் பாதிவரை பாக்டீரியாக்கள்தாம். அலிசன் ஸ்டீஃபனும் ஜான் கம்மிங்ஸும் 1980இல் முட்டைக்கோஸ் நாரையும் கோதுமைத் தவிட்டு நாரையும் தனித்தனியாகக் கொடுத்து ஒப்பிட்டார்கள். கோஸ் நார் பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்துபோனது, பாக்டீரியாக்கள் பல்கிப் பெருகி மலம் கூடியது. தவிட்டு நார் பெரும்பாலும் நொதிக்காமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தது, அதனாலும் மலம் கூடியது. ஆக இரண்டு வழிகள் உண்டு. கீரையும் பயறும் பழமும் தவிடு நீக்காத தானியமும் கலந்து சாப்பிடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

நார்ச்சத்தை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டெனிஸ் பர்க்கிட். அயர்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர், உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றியவர். குழந்தைகளுக்கு வரும் ஒரு நிணநீர்ப் புற்றுநோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் அன்றாடம் பார்க்கும் மூலம், குடல்வால் அழற்சி, பெருங்குடல் புற்று போன்றவை ஆப்பிரிக்கக் கிராமங்களில் அரிதாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. எக்ஸ்-கதிரில் தெரியும் சிறு மணிகளை விழுங்கச் சொல்லி, அவை எத்தனை மணி நேரத்தில் வெளியே வருகின்றன என்று பார்த்தார்கள், மலத்தை எடை போட்டார்கள். 1972இல் வாக்கர், பெயின்ட்டர் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, பிரித்தானியக் கடற்படையினரின் மலம் நாளுக்கு 100 கிராம் அளவில் இருந்தது, உணவு கடந்துவர மூன்று நாளுக்கு மேல் பிடித்தது. உகாண்டா கிராமத்தவரின் மலம் 400 கிராமுக்கும் மேல், கடந்துவர ஒன்றரை நாள்.

நார் குறைந்த உணவே இந்த நோய்களுக்குக் காரணம் என்றார் பர்க்கிட். அவர் சொன்னதெல்லாம் சரியென்று பிற்காலம் ஏற்கவில்லை. இரு மக்கள் கூட்டத்துக்கு இடையே உணவைத் தவிர வேறு எத்தனையோ வேறுபாடுகள் இருக்கும். அந்தக் குறையைப் போக்க 2015இல் ஸ்டீஃபன் ஓகீஃப் குழுவினர் நேர்த்தியான ஓர் ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் கறுப்பினத்தவர் இருபது பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் இருபது பேர். இரண்டு வாரத்துக்கு ஒருவர் சாப்பாட்டை மற்றவர் சாப்பிட்டார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமானது. இரண்டே வாரத்தில் அவர்கள் குடலில் பியூட்டிரேட் உற்பத்தி கூடியது, அழற்சிக் குறிகள் குறைந்தன. தென்னாப்பிரிக்கர்களிடம் எல்லாம் எதிர்த்திசையில் போயின. இரண்டு வாரத்தில் இவ்வளவு மாற முடியும் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது, அதே அளவுக்குக் கவலையும் தருகிறது.

2019இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ ரெனால்ட்ஸ், ஜிம் மேன் குழுவினர் 185 தொடர் கண்காணிப்பு ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் தொகுத்தார்கள். நார்ச்சத்து மிகுதியாகச் சாப்பிடுகிறவர்களிடம் இறப்பு, இதய நோய், நீரிழிவு, பெருங்குடல் புற்று எல்லாமே 15 முதல் 30 விழுக்காடு குறைவாக இருந்தன. நாளுக்கு 25 முதல் 29 கிராம் என்ற அளவில் பலன் தெளிவாகத் தெரிந்தது. பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் தட்டில் எவ்வளவு இருக்கிறது? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் மூன்று கிராமுக்கும் குறைவு. கைக்குத்தல் வகை அரிசியில் நாலரை. கேழ்வரகு, கம்பு, முழுக் கோதுமை மூன்றிலும் பதினொன்றுக்குக் குறையாது. மைதாவில் மறுபடியும் மூன்றுக்குக் கீழே. பயறு வகைகளுக்குப் போனால் எண்கள் வேறு உயரத்துக்குப் போகின்றன. முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம், தோல் உளுந்தில் 20, பச்சைப்பயறில் 17. அதே பச்சைப்பயறைத் தோல் நீக்கிப் பாசிப்பருப்பாக்கினால் ஒன்பதாகக் குறைந்துவிடுகிறது. ஆலையில் தோலையும் தவிட்டையும் எடுத்துவிட்டு, அதன் பிறகு நார்ச்சத்து மாவு என்று டப்பாவில் விற்பதை விலை கொடுத்து வாங்குகிறோம்.

சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நகர மக்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், ஒரு நாளைக்கு உடலுக்குச் சேரும் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து, வருவது தெரிந்தது. ஒரு சாதாரண நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையும் இரவும் இட்லி, தோசைக்கு 100 கிராம் அரிசியும் 30 கிராம் உளுத்தம்பருப்பும் போனால் ஆறு கிராம் நார். மதியம் 150 கிராம் அரிசிச் சோற்றில் நாலு. சாம்பார்ப் பருப்பில் மூன்று, பொரியலில் மூன்று, சட்னித் தேங்காயில் இரண்டு. கூட்டினால் 18 கிராம்தான். வயிறு நிறைந்த நாள்தான் இது, ஆனால் பெருங்குடலுக்கு அரை வயிறு.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அதே நாளில் மாலை வடை, பிஸ்கட்டுக்குப் பதில் 40 கிராம் கடலை ஊறவைத்த சுண்டல் சேர்ந்தால் பத்து கிராம் கூடும். 100 கிராம் கொய்யா எட்டரை கிராம் தரும். இரண்டும் சேர்ந்ததும் 36ஐத் தாண்டிவிடுகிறோம். சோற்றை விட வேண்டியதில்லை, யாரும் சியா விதை தேடிப் போக வேண்டியதில்லை. கோயிலில் பிரசாதமாகவும் கடற்கரையில் பொட்டலமாகவும் கிடைக்கும் பண்டமும், வீட்டுக் கொல்லையில் காய்க்கும் பழமும் போதும்.

பழைய சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் புகழ்ந்து பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அதனால் அளவோடு பார்ப்பது நல்லது. சோறு ஆறும்போது மாவுச்சத்தின் சங்கிலிகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அப்படி அடுக்கிய பகுதியை நொதிகளால் உடைக்க முடிவதில்லை, அது வேலூர்ச் சோதனையில் கொடுத்த மாவைப் போலவே பெருங்குடலை அடைகிறது. இந்தோனேசியாவில் 2015இல் அளந்தபோது, சுடச்சுட வடித்த 100 கிராம் சோற்றில் இந்த வகை மாவு 0.64 கிராம் இருந்தது. பத்து மணி நேரம் ஆறவிட்டதில் 1.30 கிராம். இரண்டு மடங்காகிவிட்டது என்பது உண்மை, தொடங்கிய அளவே சிறிது என்பதும் உண்மை. பழைய சோற்றுக்கு அதன் தண்ணீரில் ஊறும்போது பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இன்னொரு சிறப்பு. குடல் நோயாளிகளுக்கு அது எந்த அளவு உதவும் என்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆராய்ந்திருக்கிறார்கள். காலையில் ஒரு கிண்ணம் பழைய சோறு நல்ல உணவுதான். ஆனால் நார்ச்சத்துக் கணக்கை அது மட்டுமே நிரப்பிவிடாது, தொட்டுக்கொள்ள மோர்மிளகாயோடு ஒரு பிடி பயறும் வேண்டும்.

நார் கூட்ட முடிவெடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே வயிறு உப்பி, வாயு பிரிந்து, இது நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று நிறுத்திவிடுவதைப் பலமுறை பார்க்கிறோம். நொதித்தலின்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வரத்தான் செய்யும். பழக்கமில்லாத குடலில் அதைச் சமாளிக்கும் பாக்டீரியாக்கள் பெருக நாள் பிடிக்கும். வாரத்துக்கு நாலைந்து கிராம் வீதம் கூட்டினால், அதாவது முதல் வாரம் ஒரு பழம், அடுத்த வாரம் அரைக் கிண்ணம் சுண்டல் என்று போனால், பெரும்பாலோருக்குத் தொல்லை அடங்கிவிடுகிறது. பயறை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைப்பதில் காரணம் இருக்கிறது. வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். பெருங்காயத்தைப் பற்றி நம் சமையலறைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நாருக்காக இசப்கோல் உமி குடிப்பவர்கள் தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஒரு தேக்கரண்டி உமிக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீர், கலக்கியவுடன் குடித்துவிட வேண்டும். உலர்ந்தபடி விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ கட்டிக்கொண்டு அடைக்கும் ஆபத்து உண்டு. தைராய்டு மாத்திரை போன்றவற்றோடு சேர்த்துக் குடித்தால் மருந்து உடலில் சேர்வது குறையலாம், இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

எல்லா மலச்சிக்கலுக்கும் நார்தான் மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2012இல் சிங்கப்பூரில், பரிசோதனைகளில் வேறு காரணம் எதுவும் தெரியாத மலச்சிக்கலால் அவதிப்பட்ட 63 பேரிடம் நாரைக் குறைத்துப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு அதனால்தான் நிம்மதி கிடைத்தது. வெளியேற்றும் தசைகள் ஒத்துழைக்காதவர்களுக்கு மலத்தின் பருமனைக் கூட்டுவது நெரிசலைக் கூட்டுவதாகிவிடும். எரிச்சல் குடல் உள்ளவர்களுக்கு வெங்காயம், பூண்டு, பயறு போன்றவை வலியைக் கிளப்பலாம். இரும்புச்சத்து மாத்திரை, சில வலி நிவாரணிகள், தைராய்டு குறைபாடு இவற்றாலும் மலம் கட்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் சுண்டலைத் தேடாமல் மருத்துவரைத் தேட வேண்டும். மற்றபடி நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்பு. தினமும் போகவில்லையே என்று பேதி மாத்திரை போட்டுக்கொள்ளும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

குடல் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பது. தூங்கும்போது பெருங்குடல் ஏறக்குறைய அசைவற்றுக் கிடக்கிறது. விழித்ததும் உள்ளிருப்பதை நெடுந்தூரம் தள்ளும் வலுவான சுருக்கங்கள் தொடங்குகின்றன. காலை உணவு இரைப்பையில் விழுந்ததும் இன்னொரு முறை தூண்டுதல் கிடைக்கிறது. நாளில் இதைவிட நல்ல நேரம் பெருங்குடலுக்குக் கிடையாது. அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் பள்ளி வேன் வந்து நிற்கிறது, அலுவலகப் பேருந்து போய்விடுகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கிவிடுகிறோம். 1990இல் வெளியான ஓர் ஆய்வில் நலமாக இருந்த இளைஞர்களை ஒரு வாரம் மலத்தை அடக்கச் சொன்னபோது, குடலின் ஓட்டமே மந்தமாகிப் போனது. மலச்சிக்கலைப் பழக்கமாகக் கற்றுக்கொள்ள முடியும் என்றுதான் இதற்குப் பொருள்.

பள்ளிக் கழிப்பறை கதவில்லாமலும் தண்ணீரில்லாமலும் இருப்பதால் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவிகளையும், கடை முதலாளி முகம் சுளிப்பார் என்று அடக்கிக்கொண்டு நிற்கும் விற்பனைப் பெண்களையும் நாம் அறிவோம். அவர்களுக்கு நார்ச்சத்து அறிவுரை கொடுப்பதில் பயனில்லை. பூட்டிக்கொள்ளக்கூடிய கதவும் ஒரு வாளித் தண்ணீரும் கிடைத்தால் அவர்கள் குடல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். நாற்காலிக் கழிப்பறை உள்ள வீடுகளில் காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்தி உட்கார்ந்தால், குந்தி உட்காரும்போது போலவே மலக்குடலின் வளைவு நேராகி முக்குவது குறைகிறது.

இரவுக்கு வருவோம். எட்டரை மணிக்குச் சமைக்கத் தொடங்கி ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பது இன்று நகரத்து வீடுகளின் வழக்கம். உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைகிறது, விழுங்குவதும் அரிதாகிறது, இரைப்பை காலியாவதும் மெதுவாகிறது. மேலேறி வரும் அமிலத்தைக் கழுவி இறக்கும் ஏற்பாடுகள் இவைதாம், இவை ஓய்வெடுக்கும் நேரத்தில் நிறைந்த வயிற்றோடு கிடைமட்டமாகப் படுக்கிறோம். எதுக்களிப்பு உணர்ந்து விழிப்பவர்கள் ஒரு பக்கம் இருக்க, உணராமலேயே தூக்கம் அறுந்து அறுந்து போகிறவர்களும் உண்டு. காலையில் எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்பாக இருக்கிறது என்பார்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம், படுக்கும்போது இடப்பக்கம் சாய்வது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரை அடி கட்டை வைப்பது, இந்த மூன்றும் மாத்திரைக்கு முன் செய்து பார்க்க வேண்டியவை. தலையணையை அடுக்குவதில் பயனில்லை, வயிறு மடிந்து அழுத்தம்தான் கூடும்.

நார்ச்சத்துக்கும் தூக்கத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேரி-பியர் செயின்ட் ஆஞ்ச் 26 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துத் தூக்கத்தைப் பதிவு செய்தார். 2016இல் முடிவுகள் வந்தன. அளவு பார்த்துக் கொடுத்த உணவைச் சாப்பிட்ட நாள்களில் படுத்த 17 நிமிடத்தில் உறங்கியவர்கள், தாங்களே விரும்பியதைச் சாப்பிட்ட நாளில் உறங்க 29 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அன்று நார் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் கூடுதலாக இருந்தது. கெட்டிக் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் குறைந்தது, சர்க்கரை மிகுந்தவர்களுக்கு இடையிடையே விழிப்பு வந்தது. சிறிய ஆய்வுதான், இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல இது போதாது. நார் கூடும்போது இனிப்பும் கொழுப்பும் தாமாகக் குறைவதும் பலனில் பங்கு பெற்றிருக்கலாம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குப் பியூட்டிரேட் தரும் ஒரு பொருளைக் கொடுத்தபோது, அடுத்த நான்கு மணி நேரத்தில் கனவற்ற தூக்கம் ஏறக்குறைய பாதி மடங்கு கூடியது. மனிதரிடம் இப்படி நிறுவப்படவில்லை.

செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப்பொருளில் 90 விழுக்காடு குடலில்தான் உண்டாகிறது, அதனால் குடல் நன்றாக இருந்தால் தூக்கம் வரும் என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. முதல் பாதி சரி. ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. இப்படிச் சுலபமான விளக்கம் சொல்லி மாத்திரையும் பொடியும் விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

எதிர்த்திசைத் தொடர்பு இதைவிட உறுதியானது. தூக்கம் கெட்டால் உணவு கெடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கே மணி நேரம் உறங்கவைத்தார்கள். நிறைவு உணர்வைத் தரும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அவர்கள் மனம் கேட்டது இனிப்பும் உப்புப் பண்டமும் மாவுப் பண்டமும்தான். மறுநாள் களைப்பைப் போக்க மாலையில் குடிக்கும் காபி அடுத்த இரவையும் கெடுக்கிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் குடித்த 400 மில்லிகிராம் காஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததை 2013இல் கண்டார்கள். இரண்டு பெரிய டம்ளர் கெட்டிக் காபிக்குமேல் வரும் அளவு அது. இருந்தாலும் மாலை நான்கு மணியோடு நிறுத்திக்கொள்வது நல்ல வழக்கம்.

இதில் நான் பெரிதும் கவலைப்படுவது இரவுப் பணியாளர்களைப் பற்றித்தான். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளிலும் திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களிலும், மருத்துவமனைகளிலும், கணினி நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு மேலே சொன்ன எந்த அட்டவணையும் பொருந்தாது. நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தே வந்து, வேலையின் இயல்பு என்று அவர்களும் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பாஸ்டன் நகரில் ஃபிராங்க் ஷீரும் சாரா செல்லப்பாவும் 19 பேரை ஆய்வுக்கூடத்தில் வைத்து இரவுப் பணி போலவே விழிக்கச் செய்தார்கள். 2021இல் அது வெளிவந்தது. இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை 6.4 விழுக்காடு உயர்ந்தது. விழித்தது இரவானாலும் சாப்பாட்டைப் பகலோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு உயர்வு தெரியவில்லை.

எட்டு மணி நேரம் நின்று உழைப்பவரிடம் வெறும் வயிற்றோடு இரு என்று சொல்ல முடியாது. ஆனால் பணிக்குப் போகுமுன் மாலை ஏழு மணிக்குச் சோறு, பருப்பு, காய் என்று முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிடலாம். நள்ளிரவுக்கு மேல் பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும் போதும், புரோட்டாவும் சால்னாவும் வேண்டாம். பணி முடிந்து வந்ததும் லேசான காலை உணவு, கழிப்பறைக்குப் பத்து நிமிடம், பிறகு இருட்டாக்கிய அறையில் தூக்கம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மட்டும் நேரத்தை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிலாளி தனியாக இதைச் செய்துவிட முடியாது என்பதால் நிறுவனங்களிடம் கேட்கிறேன். இரவுப் பணிக்காரர்களின் முழுச் சாப்பாட்டை நள்ளிரவு இடைவேளையிலிருந்து பணி தொடங்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். இடைவேளைக்கு ஊறவைத்த பயறும் கொய்யாவும் வாழைப்பழமும் வையுங்கள். கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அனுமதிச் சீட்டு வாங்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை இன்றே எடுத்துவிடுங்கள்.